கெட்டி ஆயிலா, மெல்லிய ஆயிலா? ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் கேட்பது என்ன

2012-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் ஒரே ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் குடும்பத்தை வைத்து இரண்டு மஸ்டாங் கார்களை விற்றது. மஸ்டாங் ஜிடி 412 குதிரைத்திறன். பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த பாஸ் 302, 444 குதிரைத்திறன். ஜிடியின் கையேடு 5டபிள்யூ-20 ஆயில் ஊற்றச் சொன்னது. பாஸின் கையேடு 5டபிள்யூ-50 கேட்டது. எஞ்சின் சூடேறி ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இரண்டாவது ஆயில் முதலாவதைவிட இரு மடங்கு கெட்டியாக இருக்கும். பாஸ் எஞ்சினில் சில உள்ளுறுப்புகள் வேறு என்றாலும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் இடம் இது. ஒரு கட்சிக்குக் கெட்டி ஆயில்தான் காப்பு. “கெட்டியா ஊத்துங்க சார், எஞ்சின் சத்தமே கேக்காது” என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வதும் அதே நம்பிக்கைதான். மறு கட்சிக்கு மெல்லிய ஆயில்தான் நவீனம். கெட்டி ஆயில் பழைய காலத்துப் பயம். இரண்டு கட்சியும் பாதி உண்மையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து. டப்பாவின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தக் கார் எந்த வெப்பத்தில் ஓடுகிறது, அதன் பேரிங் இடைவெளி எவ்வளவு, அந்த எஞ்சினில் ஓட்டிப் பார்த்து அந்த ஆயிலுக்கு யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற மூன்றையும் வைத்தே தேர்ந்தெடுக்க முடியும்.

மரக்கட்டை சொன்ன உண்மை

ஆயில் என்ன செய்கிறது என்பதை முதலில் கண்டவர் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1883-இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக அவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே ஆயில் உள்ளே போகாமல் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை எகிறியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார்; அதையும் ஆயில் மெல்லத் தள்ளி வெளியேற்றியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, அச்சின் மேல் விழும் சராசரி அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சே ஆயிலை இழுத்து ஆப்பு போலத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவே செருகிக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினின் கிராங்க் பேரிங்குகளை வடிவமைப்பதும் அந்தக் கணிதத்தின் வழியில்தான்.

அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எரிதலின் உச்சத்திலும் பிஸ்டன் திரும்பும் கணத்திலும் கனெக்டிங் ராட் பேரிங்கில் நிற்கும் ஆயில் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு, சில நேரம் அதற்கும் கீழே இறங்கும். தலைமுடியின் தடிமன் ஐம்பது மைக்ரானுக்கு மேல். அந்தப் படலம் நிற்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது, தேய்மானமும் இல்லை.

படலத்தைத் தாங்கும் காரணிகள் மூன்று: சுழலும் வேகம், மேலே விழும் சுமை, ஆயிலின் பாகுநிலை. வேகம் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். ஸ்போர்ட்ஸ் காரில் இவை இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. பிஸ்டனின் நிறையால் வரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், 4000 சுற்றிலிருந்து 8000 சுற்றுக்குப் போகும் எஞ்சினில் அந்த விசை நான்கு மடங்காகிறது. அதே நேரத்தில் ஆயில் சூடேறி மெலிகிறது. சாதாரணக் காரில் யாரும் கேட்காத இந்தக் கேள்வி ஸ்போர்ட்ஸ் காரில் உயிர்க் கேள்வியாவது இதனால்தான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஆயில்களைப் பாகுநிலைப்படி வகைப்படுத்தத் தொடங்கியது 1911-இல். இன்று அதன் ஜே300 என்ற தரம்தான் உலகெங்கும் டப்பா மேல் நிற்கும் எண்களுக்கு அடிப்படை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். பனி பெய்யாத ஊரில் இந்த முதல் எண்ணுக்காகக் கவலைப்படத் தேவையில்லை. சென்னையின் மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டும் தாராளமாகப் பாயும்.

இரண்டாவது எண் 100 டிகிரியில் உள்ள பாகுநிலை. அது சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் 6.9 முதல் 9.3-க்குள் இருந்தால் 20. 9.3 முதல் 12.5-க்குள் 30. 12.5 முதல் 16.3-க்குள் 40. 16.3 முதல் 21.9-க்குள் 50. அதற்கு மேல் 26.1 வரை 60. கவனிக்க வேண்டியது, இவை வீச்சுகள். இரண்டு 40 ஆயில்களுக்கு நடுவே 12.6-க்கும் 16.2-க்கும் உள்ள இடைவெளி இருக்கலாம். அடிமட்ட 40-க்கும் உச்சகட்ட 30-க்கும் நடுவே ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இந்த அளவெல்லாம் 100 டிகிரிக்குத்தான். பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் ஓடிய காரில் ஆயில் 120, 130 டிகிரிக்குப் போவது வழக்கம். 100 டிகிரியில் 13.5 சென்டிஸ்டோக்ஸ் உள்ள ஒரு 0டபிள்யூ-40 ஆயிலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 120 டிகிரியில் அது ஏறத்தாழ 9-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது தடத்தில் ஓடும் 40 ஆயில், சாலையில் நிதானமாக ஓடும் காரின் 20 ஆயிலுக்கு நிகராகிவிடுகிறது. 100 டிகிரியில் 23 உள்ள 10டபிள்யூ-60 ஆயிலும் 130 டிகிரியில் பன்னிரண்டு சொச்சத்துக்கு வந்துவிடும். கெட்டி ஆயிலைக் கேட்கும் தயாரிப்பாளர் படலத்தைத் தடிமனாக்கக் கேட்பதில்லை. வெப்பத்தில் அது இயல்பான நிலைக்குக் கீழே போகாதிருக்கக் கேட்கிறார். இந்த ஒன்று விளங்கினாலே இரு கட்சிச் சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

டப்பாவின் முன்பக்கம் அச்சிடாத ஓர் அளவு உண்டு. என்னைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் காருக்கு அதுதான் முதல் அளவு. எச்டிஎச்எஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். 150 டிகிரியில், பேரிங்குக்குள் ஆயில் படும் கடும் உராய்வுக்கு ஒப்பான நிலையில் அளந்த பாகுநிலை அது. பலதர ஆயில்களில் வெப்பத்தில் மெலியாதிருக்கப் பாலிமர் சேர்க்கிறார்கள். நீண்ட நூலிழை போன்ற அந்த மூலக்கூறுகள் கடும் உராய்வில் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். சில அறுந்தே போகும். ஆகவே ஆய்வகக் குழாயில் மெதுவாக வழியும்போது கெட்டியாகத் தெரியும் ஆயில், பேரிங்குக்குள் அவ்வளவு கெட்டியாக இருப்பதில்லை. 20 ஆயிலுக்கு எச்டிஎச்எஸ் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-விநாடி, 30-க்கு 2.9, 0டபிள்யூ-40-க்கும் 5டபிள்யூ-40-க்கும் 3.5, 50-க்கும் 60-க்கும் 3.7 என்பது எஸ்ஏஇ விதி. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் காலங்காலமாகப் பிடித்து வைத்திருக்கும் கோடு 3.5. அவர்களுடைய ஏசிஇஏ தரவரிசையில் ஏ3/பி4, சி3 ஆகியவை இந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். இதனால்தான் ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற ஒரு 5டபிள்யூ-30, அமெரிக்கக் கடையில் கிடைக்கும் சாதாரண 5டபிள்யூ-30-ஐவிட வலுவானதாக இருக்க முடிகிறது. எண் ஒன்றே, சரக்கு வேறு.

மெல்லிய ஆயில் வந்த கதை

மெல்லிய ஆயிலுக்குக் காரணம் சட்டம் என்று கெட்டி ஆயில் கட்சியார் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜ் ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஆயிலை மெலிதாக்கினால் கிடைக்கும் சிக்கனம் ஒரு காருக்குச் சிறிது. லட்சக்கணக்கான கார்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் பெரிது. 2001 வாக்கில் ஃபோர்டும் ஹோண்டாவும் 5டபிள்யூ-20-க்கு மாறின. மஸ்டாங் ஜிடி அந்தக் கணக்குக்குள் வரும் பெருவாரிக் கார். பாஸ் 302 சில ஆயிரம் பேர் தடத்தில் ஓட்டுவதற்கான கார். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது.

ஆனால் மெல்லிய ஆயிலின் பக்கத்திலும் பொறியியல் இருக்கிறது. ஆயில் மசகு மட்டுமில்லை, பேரிங்கின் வெப்பத்தைக் கழுவிக்கொண்டு போகும் நீரோட்டமும் அதுவே. கெட்டி ஆயில் மெதுவாகப் பாய்கிறது. தன் உள் உராய்விலேயே சூடேறுகிறது. அழுத்தமானியில் முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்கள், அந்த அழுத்தத்தில் வால்வு திறந்து ஒரு பகுதி ஆயில் எஞ்சினுக்குள் போகாமலே திரும்பிவிடுவதை மறந்துவிடுகிறார்கள். கேம்ஷாஃப்ட்டை ஆயில் அழுத்தத்தால் திருப்பும் வால்வு நேர அமைப்புகளும் குறித்த பாகுநிலையை நம்பியே கணக்கிடப்பட்டவை. நுண்ணிய இடைவெளியுடன் 20 ஆயிலுக்கென்றே செய்த எஞ்சினில் 60 ஆயிலை ஊற்றுவது காப்பு ஆகாது.

எனினும் அண்மைக்கால நடப்பு ஒரு திசையைக் காட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஏழாம் தலைமுறை கார்வெட்டுக்குச் சாலையில் 5டபிள்யூ-30 போதும் என்றது. தடத்துக்குப் போகும் முன் 15டபிள்யூ-50-க்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆயில், திங்கட்கிழமைக்கு ஓர் ஆயில் என்று மாற்றுவார் என எதிர்பார்க்கும் ஏற்பாடு அது. 2019 மாடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40 என்று ஆக்கினார்கள். எட்டாம் தலைமுறையிலும் அதுவே தொடர்கிறது. அதே நிறுவனம் 2025 ஏப்ரலில் தன் 6.2 லிட்டர் எல்87 வி8 பொருத்திய பெரிய வண்டிகளை, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சத்தை, திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடிலும் கிராங்க் ஷாஃப்டிலும் உற்பத்திக் குறைகள் என்பது சொல்லப்பட்ட காரணம். சோதனையில் தேறாத எஞ்சின்களைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, தேறியவற்றில் 0டபிள்யூ-20-ஐ இறக்கி 0டபிள்யூ-40 ஊற்றுவது என்பது தீர்வு. அவை ஸ்போர்ட்ஸ் கார்கள் இல்லைதான். ஆனாலும் பேரிங் சற்றே பிசகியிருக்கக்கூடும் என்று ஐயம் வந்ததும் தயாரிப்பாளரே எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிஎம்டபிள்யூ எம்: கெட்டி ஆயிலின் எல்லை

இந்த விவாதத்தின் எல்லா முனைகளும் சந்திக்கும் இடம் பிஎம்டபிள்யூ எம் கார்களின் வரலாறு. 2000-இல் வந்த எம்3-இன் எஸ்54 எஞ்சின் 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8000 சுற்று. அதன் பிஸ்டன் 91 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வருவதால், 8000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டரைத் தாண்டுகிறது. பந்தய எஞ்சின்களுக்கு உரிய வேகத்தை அன்றாடம் ஓட்டும் காருக்குள் வைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சில எஞ்சின்களில் கனெக்டிங் ராட் பேரிங்குகள் போயின. பிஎம்டபிள்யூ கார்களை அழைத்து பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. ஆயிலும் 10டபிள்யூ-60 என்று நிலைபெற்றது. காஸ்ட்ரால் செய்த அந்த ஆயில் பிறகு எம் எஞ்சின்களின் அடையாளமாகவே ஆயிற்று.

அடுத்து வந்த எம்3-இன் எஸ்65, நான்கு லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், 8400 சுற்று. எம்5-இன் எஸ்85, ஐந்து லிட்டர் வி10, 507 குதிரைத்திறன். இரண்டுக்கும் 10டபிள்யூ-60தான். இரண்டிலும் பேரிங் தேய்மானம் பற்றிய புகார் ஓயவில்லை. அந்த எஞ்சின்களைப் பிரித்து அளந்த சுயேச்சைப் பட்டறைகள், பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி வழக்கத்தைவிடக் குறைவு என்று சொல்லின. அச்சின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பந்தய எஞ்சின் கட்டுபவர்களின் பழைய வாய்பாடு. இறுக்கமான இடைவெளிக்குள் 60 ஆயிலை அனுப்பினால் சூடான நிலையில் பரவாயில்லை. குளிர்ந்த நிலையில் என்ன ஆகும் என்பதுதான் வாதம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். 30 டிகிரி காலையில் எஞ்சினைத் திருகும்போது ஒரு 10டபிள்யூ-60 ஆயிலின் பாகுநிலை ஏறத்தாழ 250 சென்டிஸ்டோக்ஸ். ஓடிச் சூடான பிறகு 23. பத்து மடங்கு வேறுபாடு. அதே காலையில் ஒரு 0டபிள்யூ-20 ஏறத்தாழ 68. ஆகவே மெல்லியது என்று நாம் பயப்படும் 20 ஆயில்கூடக் காலையில், சூடான 60 ஆயிலைப் போல மூன்று மடங்கு கெட்டி. குளிர்ந்த எஞ்சினில் எந்த ஆயிலும் வேண்டிய அளவுக்கு மேல் கெட்டியாகவே இருக்கிறது. எம்3-இன் டாக்கோமீட்டரில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள் இதற்காகவே வைக்கப்பட்டன. ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இனி இத்தனை சுற்று வரை போகலாம் என்று அனுமதிக்கும். நான் பார்த்தவரை ஸ்போர்ட்ஸ் கார்களில் வந்த மிக நேர்மையான கருவி அதுதான். பேரிங்குகளைக் காப்பாற்றிய பொறுமையான ஓட்டுநர்களுக்கு எந்த ஆயில் நிறுவனத்தைவிடவும் அந்த விளக்குகள் அதிகம் செய்திருக்கும்.

2014-இல் டர்போ வைத்த எஸ்55 எஞ்சினுடன் வந்த எம்3, 10டபிள்யூ-60-ஐ விட்டுவிட்டு மெல்லிய ஆயிலுக்கு மாறியது. உச்சச் சுற்று குறைந்தது, கீழ்ச்சுற்றில் இழுவை கூடியது, எஞ்சினும் வேறாயிற்று. ஆகவே “எம் காருக்கு 60” என்பது எல்லாக் காலத்துக்குமான விதி இல்லை. எஸ்54-க்கு 60 சரி. எஸ்55-இல் அதை ஊற்றுவது பழக்கத்தின் பிழை.

விளக்கெண்ணெயிலிருந்து எஸ்டர் வரை

சிந்தெடிக் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஒரு தைரியம் வருகிறது. அந்தச் சொல் எப்படித் தளர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் பந்தய ஆயில் நம் வீட்டு விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையில் எடுக்கும் அந்த எண்ணெய் உலோகத்தை விடாமல் பற்றும். வெப்பத்தில் மற்ற எண்ணெய்களைப் போல எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்துதான் 1909-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தன் ஆயிலுக்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களும் விளக்கெண்ணெயில் ஓடின. விரைவில் பிசினாகிக் குழாய்களை அடைப்பது அதன் குறை. விளக்கெண்ணெயின் பற்றும் குணம் அதன் எஸ்டர் அமைப்பிலிருந்து வருவது; பின்னாளில் ஜெட் எஞ்சினுக்காகச் செயற்கையாகச் செய்த எஸ்டர்களும் அந்தக் குணத்தைப் பெற்றன. 1971-இல் மோட்டுல் நிறுவனம் எஸ்டர் அடிப்படையில் 300வி ஆயிலைக் கொண்டுவந்தது. 1974-இல் மொபில் 1 வந்தது. அதன் அடிப்படை பிஏஓ எனப்படும், கட்டியெழுப்பிய மூலக்கூறு.

பிறகு கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து ஏறத்தாழ அதே தரத்துக்குக் கொண்டுவரும் முறை வளர்ந்தது. காஸ்ட்ரால் அந்த அடிப்படை எண்ணெயைத் தன் சின்டெக் ஆயிலில் பயன்படுத்திச் சிந்தெடிக் என்றே விற்றது. மொபில் முறையிட்டது. 1999-இல் அமெரிக்க விளம்பர முறையீட்டு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அன்று முதல் அமெரிக்காவில் சிந்தெடிக் என்பது வேதியியல் சொல் இல்லை, விற்பனைச் சொல். ஜெர்மனியில் மட்டும் முழுச் சிந்தெடிக் என்று எழுத பிஏஓ அல்லது எஸ்டர் வேண்டும் என்ற வழக்கம் நிற்கிறது.

இதனால் இப்படிச் சுத்திகரித்த, மூன்றாம் வகை எனப்படும் எண்ணெய் தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம்; பெரும்பாலான சாலைக் கார்களுக்கு அது நல்ல எண்ணெய். ஆனால் 130 டிகிரியில் மணிக்கணக்காக ஓடும் காரில் பிஏஓ-வும் எஸ்டரும் குறைவாக ஆவியாகின்றன. பாலிமரின் தயவு குறைவாக வேண்டியிருப்பதால் உராய்வில் நிலைத்து நிற்கின்றன. எல்லா நிறுவனங்களும் வெளியிடும் தரவுத் தாளில் நோயாக் என்ற ஆவியாதல் அளவைப் பாருங்கள். ஏசிஇஏ ஏ3/பி4 அனுமதிப்பது 13 சதவீதம் வரை. அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் அது நல்ல அடிப்படை எண்ணெயின் அறிகுறி.

பந்தய ஆயில் என்று விற்கப்படுவதைச் சாலைக் காரில் ஊற்றலாமா? பல பந்தய ஆயில்களில் அழுக்கைக் கரைத்து அமிலத்தை முறிக்கும் சேர்மங்கள் குறைவு, தேய்மானத் தடுப்பு அதிகம். ஓரிரு பந்தயத்துக்குப் பின் வடித்துவிடுவதற்காகவே செய்தவை அவை. ஆண்டு முழுதும் எஞ்சினுக்குள் கிடக்க அவை ஏற்றவையல்ல.

ஒப்புதலும் சேர்மங்களும்

போர்ஷேயின் ஏ40 ஒப்புதல் பெற ஓர் ஆயில் 3.5 என்ற எச்டிஎச்எஸ் கோட்டைத் தாண்ட வேண்டும்; அத்தோடு போர்ஷே எஞ்சினில் 200 மணி நேரத்துக்கும் மேல் ஓடித் தேற வேண்டும். நர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஓடுவது போன்ற கட்டமும் அதில் உண்டு. மெர்சிடிஸின் 229.5, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-01 ஆகியவையும் இப்படிச் சொந்த எஞ்சின் சோதனைகளைக் கொண்டவை. நிசான் ஜிடி-ஆரின் எஞ்சினில் சிலிண்டருக்குத் தனி உறை கிடையாது. அலுமினியத்தின் மேல் பிளாஸ்மாவால் தெளித்த மெல்லிய இரும்புப் பூச்சில் பிஸ்டன் ஓடுகிறது. தொழிற்சாலையில் அதற்கு ஊற்றுவது மொபில் 1 0டபிள்யூ-40. இப்படிப்பட்ட எஞ்சினில் ஊகத்துக்கு இடமில்லை.

டப்பாவின் பின்பக்கத்தில் ஒரு சொல்லைக் கூர்ந்து படிக்க வேண்டும். “ஒப்புதல் பெற்றது” என்றால் கார் நிறுவனம் சோதித்து எண் கொடுத்திருக்கிறது. “பொருந்தும்”, “பரிந்துரைக்கப்படுகிறது” என்றால் ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்கிறது. விலையில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம், பொறுப்பில் ஒன்றல்ல.

கார் நிறுவன ஒப்புதலோடு ஒப்பிட்டால் அமெரிக்க ஏபிஐ தரம் ஒரு குறைந்தபட்ச எல்லைதான். என்றாலும் டர்போ கார் வைத்திருப்பவர்கள் எஸ்பி தரத்தை வலியுறுத்திக் கேட்க வேண்டும். நேரடியாகப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, பொறி விழும் முன்பே கலவை பற்றிப் பிஸ்டனை உடைக்கும் கேடு ஒன்று உண்டு. ஆயிலில் உள்ள கால்சியச் சேர்மங்கள் அதைத் தூண்டுகின்றன என்பது கண்டறியப்பட்டு, மக்னீசியம் பக்கம் கலவை மாற்றப்பட்டது. 2018-இல் வந்த எஸ்என் பிளஸும் 2020-இல் வந்த எஸ்பியும் இதற்கான சோதனையைச் சேர்த்தவை. பழைய இருப்பில் கிடக்கும் எஸ்என் டப்பாவை மலிவு என்று வாங்காதீர்கள்.

பழைய கார்களுக்குக் கவலை வேறு. தட்டையான டேப்பெட் கொண்ட எஞ்சின்களைக் காப்பது இசட்டிடிபி என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் வினையூக்கி மாற்றியைக் கெடுப்பதால் 20, 30 தர ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். 40-க்கும் அதற்கு மேலும் இந்தக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கெட்டி ஆயிலில் பயன் காண்பதற்குப் பாகுநிலையோடு இந்தச் சேர்மமும் காரணம். தனிக் குப்பியில் சேர்மம் வாங்கி ஊற்றுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முழுமையாகச் சமன்செய்த ஆயிலில் ஒரு சேர்மத்தை மிகுத்தால் மற்றொன்று அதன் இடத்தை இழக்கும்.

இந்திய வாசகருக்கு ஒன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் நம் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள் வந்துவிட்டது. ஆகவே துகள் வடிகட்டி உள்ள புதிய கார்களுக்கான சாம்பல் குறைந்த சி3 வகை ஆயில்களை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். வடிகட்டி உள்ள காரில் சாம்பல் மிகுந்த ஏ3/பி4 ஊற்றினால் வடிகட்டி அடைபடும்.

ஆயிலால் ஆகாதவை

எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலும் உறிஞ்சு குழாய்க்கு எட்டாத இடத்தில் இருந்தால் பயனில்லை. நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது சம்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. பம்பு காற்றை உறிஞ்சுகிறது. ஒரு விநாடி போதும், பேரிங் போய்விடும். கார்வெட் இசட்06-உம் போர்ஷே ஜிடி3-உம் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்பால் இறைக்கும் டிரை சம்ப் அமைப்பை வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் கார் சாதாரணச் சம்ப் கொண்டது என்றால், தடத்துக்குப் போகும் முன் அளவுகோலில் மேல் கோடு வரை ஆயில் இருக்க வேண்டும். கீழ்க் கோட்டில் நிற்கும் மிகச் சிறந்த 50-ஐவிட மேல் கோட்டில் நிற்கும் சாதாரண 40 மேலானது.

ஆயிலின் வயதும் அப்படித்தான். கையேட்டில் எழுதியிருக்கும் இடைவெளி நிதானமாக ஓட்டுபவருக்கு. குறுந்தொலைவுப் பயணங்களில் பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை மெலிதாக்கும். நேரடிப் பீய்ச்சு எஞ்சின்களில் இது கூடுதல். கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக ஆயில் 100 டிகிரிக்கு அருகே சிறிது நேரமாவது ஓட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலிருந்து காபிக் கடை வரை போய்வரும் சூப்பர் காரின் ஆயில், தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் காரின் ஆயிலைவிட விரைவில் கெடும்.

இதையெல்லாம் தொகுத்து என் தீர்ப்பைச் சொல்கிறேன். கையேட்டில் உள்ள ஒப்புதல் எண்ணை முதலில் பாருங்கள். பாகுநிலை எண் அதற்குப் பின்னால் வரட்டும். கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதித்தால், வெப்பமான ஊரில் வேகமாக ஓட்டுபவர் அவற்றில் கெட்டியானதை எடுக்கலாம். தடத்தில் ஓட்டும் காருக்கு எச்டிஎச்எஸ் 3.5-க்குக் கீழ் வேண்டாம். 20 ஆயில் மட்டுமே அனுமதித்த காரைத் தடத்துக்குக் கொண்டுபோக நினைத்தால், ஆயிலை மாற்றும் முன் ஆயில் கூலரைப் பொருத்தி வெப்பத்தைக் குறையுங்கள். ஆயில் சூடாகும்வரை பாதிச் சுற்றைத் தாண்டாதீர்கள். கையேடு சொல்லும் தூரத்தில் பாதியில் மாற்றுங்கள். மாற்றும்போது வடித்த ஆயிலில் நூறு மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செம்பும் ஈயமும் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது, பாகுநிலை இறங்கியிருந்தால் பெட்ரோல் கலக்கிறது அல்லது பாலிமர் அறுந்திருக்கிறது. உங்கள் காருக்கு எந்த ஆயில் சரி என்பதை அந்த ஒரு தாள் சொல்லும். அடுத்த சர்வீசுக்கு முன்பே அந்தக் குப்பியை வாங்கி வைத்துவிடுங்கள்.